வெள்ளை போர்டு மச்சான்

குருவிச் சத்தம். கார் பின்னால் வரும்போது அதன் வாலிலிருந்து கீச்சிடுமே, அந்தக் குருவி. காட்டுப்பாக்கத்தில் இன்னும் வெளுக்காத காலை. பால் வண்டி போய், தண்ணீர் லாரி வராத அந்தச் சின்ன இடைவெளியில், எங்கள் அடுக்ககத்தின் வாசலில் அது கேட்டது. காபி டம்ளரோடு நின்ற நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் காரிலும் இதே குருவிதான் இருந்தது. அது கேட்டால் என் கணவர் வேலை முடிந்து வந்துவிட்டார் என்று அர்த்தம். தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவேன். காரை விற்று மாதங்கள் ஆகிவிட்டன. எங்கேயாவது அந்தச் சத்தம் கேட்டால் என் கை இன்னும் தோசைக்கல்லைத்தான் தேடுகிறது.

அவருக்கும் கேட்டிருக்கிறது. குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு எட்டிப் பார்த்தார். "அந்தாள யாரு உள்ள வரச் சொன்னா? தெருமுனையில நிக்கச் சொன்னேம்லா?"

சொல்லித்தான் இருந்தார். கேட்காமல் வந்துவிட்டான் டிரைவர். அதற்குள் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து பாலாஜியின் குரல் வந்தது. ஐ.டி.யில் இருக்கிறவர், விடிய விடிய அமெரிக்காவோடு பேசுகிறவர். "சார், புது வண்டி வந்துடுச்சா? சொல்லவே இல்ல?"

என் கணவர் ஜன்னலருகே போய், "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்து அவரை எப்படி வதைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். ஒரு நூல் அளவு பிசகினாலும் இரும்புத் துண்டைத் தூக்கித் தள்ளி வைத்தவர். பொய் சொல்லி எனக்குத் தெரிந்து பழக்கமே இல்லை, இந்த ஒரு விஷயத்தைத் தவிர.

விஷயம் கண். உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து அவிந்துகொண்டே வந்துவிட்டது. எதிரே ஒரு குழாய் அளவு தெரியும். அந்தக் குழாய்க்கு வெளியே இடமும் இல்லை, வலமும் இல்லை. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொன்ன வாரமே காரை விற்றார். கேட்டவர்களிடம் "புது மாடல் வரட்டும்னு பாக்கேன்" என்றார். அதன்பிறகு வெளியே போவது குறைந்தது. முதலில் போரூர் போவது நின்றது, பிறகு தெருமுனைக் கடை, பிறகு மொட்டை மாடி. வீட்டுக்குள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தால் போதும் என்று ஆகிவிட்டார்.

எனக்கோ ஓரிடத்தில் கால் தரிக்காது. ஒரு பருவம் முழுக்க ஒரே ஜன்னலைப் பார்த்தால் எனக்குள் புழுதி அடைந்துவிடும். அதற்காக அவரை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. ஊத்துக்கோட்டைக்கு அப்பால், ஆந்திர எல்லையை உரசிக்கொண்டு ஒரு மாந்தோப்பு, அதற்குள் தங்க ஒரு வீடு, மூன்று நாள். நான் தீர்மானித்துவிட்டேன். பேருந்து வேண்டாம் என்றார். சரி. ரயில் வேண்டாம் என்றார். சரி. வாடகைக் கார் என்றதும் கையை விரித்தார். "மஞ்ச போர்டு வந்து வாசல்ல நின்னா இந்த பில்டிங்குக்கே தெரிஞ்சுரும், சங்கரலிங்கம் முடங்கிட்டான்னு."

அதற்குத்தான் வெள்ளை போர்டு பிடித்தேன். மஞ்சள் போர்டு வாடகை வண்டி, வெள்ளை போர்டு சொந்த வண்டி என்பது ஊரறிந்த கணக்கு. சொந்த வண்டியையே சத்தமில்லாமல் வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். கேட் அருகே இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னேன். மறுநாளே தசரதன் என்று ஒரு பெயரும் போன் நம்பரும் வந்தன. இனி மறுக்க அவரிடம் காரணம் இல்லை.

*

தசரதனுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. திருமழிசைக்காரன். என்னைப் பார்த்ததும் "அக்கா", அவரைப் பார்த்ததும் "சார்". பெட்டியை வாங்கிக்கொண்டு, "ஏறுங்கக்கா. மொதல்ல திருவேற்காடு" என்றான்.

"நாங்க போறது அந்தப் பக்கம் இல்லையே?"

"இந்த வண்டி என் கைக்கு வந்து மொத வெளியூர் ட்ரிப்புக்கா. அம்மாவ பாக்காம எடுத்தா அப்பால எதுனா ஆச்சுன்னு வெச்சிக்க, என் ஊட்டுக்காரி என்ன உசுரோட வுட மாட்டா."

ஆக, கிராமத்து விடுமுறை நேர் எதிர்த்திசையில் தொடங்கியது. அம்மன் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சை. கற்பூரம் காட்டிவிட்டு ஏற்றி நசுக்கினான். மூன்று நசுங்கின, ஒன்று உருண்டு ஷேர் வேனுக்கு அடியில் ஓடிவிட்டது. அதைத் தேடி எடுத்து வந்து, மறுபடி வைத்து, மறுபடி ஏற்றினான். பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "இன்னா நைனா, ஜூஸ் கடையா வெச்சிக்கீற?" என்றார். தசரதன் கண்டுகொள்ளவில்லை. வண்டிக்குள் எலுமிச்சையும் கற்பூரமும் புது ரப்பர் மிதியடியும் கலந்து ஒரு வாசனை. மூன்று நாளும் அதற்குள்தான் இருந்தோம்.

என் கணவர் முன் இருக்கையில். அதில் எந்தப் பேச்சுக்கும் இடமில்லை என்பதுபோல ஏறி உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லி நெரிசலுக்குள் நுழைந்ததும் அவருடைய வலது கால் வேலை செய்யத் தொடங்கியது. முன்னால் பேருந்து நின்றால் கால் மிதியடியை அழுத்தும். ஆட்டோ குறுக்கே வந்தால் அழுத்தும். தசரதன் பிரேக் போடுவதற்கு ஒரு கணம் முன்பே, இல்லாத பிரேக்கை அவர் போட்டுவிடுவார்.

"சார், அந்தப் பக்கம் ஒண்ணும் கெடையாது" என்றான் தசரதன்.

"தெரியும். நீ ரோட்டப் பாரு, டிரைவர்."

திருமழிசையில் இட்லியும் வடகறியும். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் இட்லிக்குச் சட்னி என்றால் மிளகாய் நாக்கில் நின்று பேசும். இங்கே வடகறி சோம்பு மணத்தோடு தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறது. இருபத்தைந்து வருஷம் இந்தப் பக்கத்தில் குடியிருந்தும் இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தபோது தசரதன் நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவரைக் காட்டினான்.

"அதுக்குள்ளதான்க்கா எங்கப்பா அடுத்தவன் நெலத்துல ஏர் ஓட்டினாரு. அப்பால கம்பெனி வந்துச்சு. அதே கம்பெனிக்கு நான் வேன் ஓட்டினேன்."

"வருத்தமா இருக்குமே" என்றேன், சொல்ல வேண்டுமே என்று.

"இன்னாத்துக்கு? அவுருக்கு அதுல ஒரு நாளும் நெழல் கெடையாது. எனக்கு ஏசி."

அதற்குப் பிறகுதான், சாலை கொஞ்சம் திறந்து, ஏரிக்கரைகளும் செங்கல் சூளைகளும் வரத் தொடங்கியபோது, பாட்டைக் குறைத்துவிட்டுச் சொன்னான். "ஒரு விசயம் சொல்லணும். இது ஓன் போர்டு, வெள்ள போர்டு. பார்டர் பக்கம் செக்கிங் இருக்கும். வாடகைன்னு தெரிஞ்சா வண்டிய புடிச்சி வெச்சிப்பான். அதனால, கேட்டா நீ என் அக்கா. சார் என் மாமா. அக்கா ஊட்டுக்காரரு. லீவுக்கு இட்டுகினு போறேன். அவ்ளோதான்."

பக்கவாட்டில் தெரிந்த என் கணவரின் தாடை இறுகியது. "பொய்யா?"

"சின்னதுதான் சார். இனிமே சார்னு கூப்புட மாட்டேன், பழக்கம் வரணும். மாமா. நீயும் ஒருவாட்டி மச்சான்னு சொல்லிப் பாரேன்."

"தேவைப்பட்டா பாப்போம், டிரைவர்."

தசரதன் கண்ணாடியில் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். நான் வெளியே கொக்குகளைப் பார்த்தேன்.

*

விபரீதம் முதல் நாளே நடந்துவிட்டது. தோப்புக்குப் போகும் கிளைச்சாலை குறுகல். ஒரு வளைவில் இரண்டு பக்கமும் வைக்கோல் போர் மறைத்து நின்றது. டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் இடப்பக்கத்தை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். தசரதனும் வண்டியை மெதுவாக்கி, தலையை வலப்பக்கம் திருப்பியபடியே கேட்டான்.

"மாமா, லெப்ட்ல எதுனா வருதா?"

"வரல. எடு."

இருபது வருஷத்துக்கு மேல் அவர் ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்து சொன்ன அதே சொல். "வரல, எடுங்க." அவர் தயங்கவே இல்லை. தலையைத் திருப்பினாரா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்கு மொபெட்டின் சத்தம் கேட்டுவிட்டது. "நிறுத்து" என்று நான் கத்தியதும், அவர் கால் மிதியடியை உதைத்ததும், தசரதன் பிரேக்கை மிதித்ததும் ஒன்றாக நடந்தன. புல்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று இடப்பக்கத்திலிருந்து வந்து, எங்கள் வண்டியின் மூக்கை உரசி, வைக்கோல் போருக்குள் போய்ச் செருகி நின்றது.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. புல்கட்டு மட்டும் அவிழ்ந்து சாலையெங்கும் பச்சை. தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டு வந்து தசரதன் பக்கத்துக் கண்ணாடியில் அறைந்தாள்.

"கண்ணு இன்னா பொட்டையா? இவ்ளோ பெரிய கட்டு வர்து தெரில? உன்ன நம்பி வண்டில ரெண்டு பேரு வேற குந்திகினு கீறாங்க."

"தப்புதாம்மா" என்றான் தசரதன். இறங்கினான். கதவைத் திறந்து அவனோடு நானும் இறங்கினேன். இருவருமாகப் புல்லை வாரிச் சேர்த்தோம். அவன் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொடுத்தான். அவள் அவனுடைய கண்ணைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொன்னாள். எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா" என்றான். "வரல" என்று சொன்னது யார் என்று அவன் அவளிடம் சொல்லவில்லை. என் கணவர் இருக்கையில் அப்படியே நேராக, கண்ணாடிக்கு அப்பால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஜன்னல் வழியாக அவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

வண்டி கிளம்பி வெகு தூரம் போன பிறகு தசரதன் மெதுவாகச் சொன்னான். "லெப்ட் கண்ணாடிய இனிமே நானே பாத்துக்கறேன் மாமா. நீ ஜாலியா வா."

அவர் கால் அதற்குப் பிறகு அசையவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

தோப்பு வீட்டில் சமைப்பவர் மங்கம்மா. பாதி தெலுங்கு, பாதி தமிழ். கேழ்வரகுக் களி, புளிச்சகீரைக் கடையல், மேலே பச்சை நல்லெண்ணெய். எங்கள் ஊரில் களிக்குக் கருப்பட்டி. இங்கே அதற்குக் கீரையின் புளிப்பு. ஒரு வாய் வைத்ததும் பின்கழுத்து சிலிர்த்தது. நான் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன். அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"நாளைக்குக் காலையில கிளம்பிருவோம்" என்றார்.

"மூணு நாளைக்கு வந்திருக்கோம்."

"ஒரு உசுரு போயிருக்கும் கோமதி."

"போகல. இனிமே இடப்பக்கம் அவன் பாத்துக்கிடுவான். சொல்லிட்டாம்லா."

"நீ வேணும்னா இரு."

"இருப்பேன்" என்றேன். "நாளைக்கு ஏரிக்கும் போவேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

இந்த இடத்தில் நான் இளகினால் காட்டுப்பாக்கத்து மொட்டை மாடிதான் அவருடைய கடைசி ஊர் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கதவடியில் படுத்த நாயைப்போல என் பிடிவாதத்தை அங்கேயே படுக்கப்போட்டேன்.

*

மறுநாள் காலை தசரதன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அறை கொடுத்தும் வண்டிக்குள்ளேயேதான் படுத்திருந்தான். இருக்கையின் வரிகள் கன்னத்தில் பதிந்திருந்தன. நான் போய்ப் பின் இருக்கையில் ஏறினேன். "பூண்டி ஏரிக்குப் போவோம்."

"மாமா?"

"வரல."

அவன் தோப்பு வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எடுக்கவா?"

"எடு."

ரிவர்ஸ் போட்டான். குருவி கீச்சிட்டது. மாமரங்களுக்கு நடுவே, நிஜப் பறவைகள் ஒரு கணம் வாயடைத்துக் கேட்டன. வண்டி தோப்பின் கேட்டருகே போய்த் திரும்பியபோது, வீட்டுக் கதவு திறந்து அவர் வெளியே வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு, குருவிச் சத்தம் வந்த திசைக்கு நடந்து வந்தார். முன் கதவைத் தொட்டார். பிறகு கையை எடுத்து, சுற்றி வந்து, பின் கதவைத் திறந்து, டிரைவருக்கு நேர் பின்னால், என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரு காரின் பின் இருக்கையில் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சாலையில் எருமைக்கூட்டம் குறுக்கே வந்தது. தசரதன் வேகத்தைக் குறைத்தான். குறைத்தவன், "அக்கா, எவனோ என் முதுவுல உதைக்கறா மாதிரி கீதே?" என்றான்.

பார்த்தேன். என் கணவரின் வலது கால் முன் இருக்கையின் முதுகை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் காலை இழுத்துக்கொண்டார். "எரும நிக்குதுலா" என்றார் முறைப்பாக.

ஏரியில் தண்ணீர் கரையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. நகரத்தின் குழாய்களுக்குப் போகப்போகிற தண்ணீர், போகும் முன் இங்கே கொஞ்சம் வானத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் அவருக்குச் சொன்னேன். "நேரா. கொஞ்சம் மேல. பட்டமரம் ஒண்ணு தண்ணிக்குள்ள. அதுக்கு வலப்பக்கம்." அவர் தலையை அங்குலம் அங்குலமாகத் திருப்பி, தன் குழாய்க்குள் அந்த மரத்தைப் பிடித்தார். கிளை கிளையாக ஏறினார். நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தது. "புடிச்சுட்டேன்" என்றார். பிடித்ததை விடவில்லை. அது பறக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் மீன் வறுத்தபடி எங்களையே கவனித்துக்கொண்டிருந்த பெண், பக்கத்தில் மீன் அலசுகிறவளிடம் தெலுங்கில் சொன்னாள்: அந்த அம்மா சொல்கிறாள், அந்த ஐயா அவள் சொல்வதை வைத்துப் பார்க்கிறார், நம் வீட்டில் ஒருத்தனாவது பெண்டாட்டி சொல்வதைக் கேட்கிறானா? கோவில்பட்டியில் எங்கள் இரண்டு பக்கத்து வீட்டிலும் தெலுங்கு பேசுகிறவர்கள்தான். எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் மீனை மட்டும் முள் எடுக்கச் சொல்லி என் பக்கம் நகர்த்தினார். மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவிய ஏரி மீன். கரிசல் காட்டில் வளர்ந்த எங்களுக்குக் கண்மாய் நிறைந்த வருஷத்தில்தான் இந்த மீன் கிடைக்கும்.

"தலைய எனக்குத் தாக்கா" என்றான் தசரதன். "மாமாவுக்கு முள்ளு இல்லாம குடுக்கறே, எனக்குத் தலையாச்சும் குடு."

அன்று மாலை மங்கம்மாவின் களியை அவர் மிச்சம் வைக்கவில்லை. கிளம்புவது பற்றிப் பேச்சும் எடுக்கவில்லை.

*

மூன்றாம் நாள் திரும்பும்போது முன் இருக்கையில் ஏறினார். "பின்னால காலு நீட்ட முடியல" என்றார். தசரதன் இடப்பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் சரிசெய்துகொண்டான். மாங்காய் ஒரு பை என் மடியில். வெயில் ஏறிய சாலை. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது தடுப்பு வந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கை காட்டினார் போலீஸ்காரர்.

தசரதன் இறங்கி ஆர்.சி.யை நீட்டினான். "நம்ம வண்டிதான் சார். அக்காவும் மாமாவும். லீவுக்கு இட்டுகினு போனேன்."

போலீஸ்காரர் குனிந்து என்னைப் பார்த்தார். "எந்த ஊரும்மா நீங்க?"

"காட்டுப்பாக்கம் சார்."

"சொந்த ஊரு?"

"கோவில்பட்டிப் பக்கம்" என்றேன். வாயிலிருந்து அது விழுந்த பிறகுதான் உறைத்தது.

"நீ எந்த ஊருப்பா?"

"திருமழிசை சார்" என்றான் தசரதன்.

"அக்கா கோவில்பட்டி. தம்பி திருமழிசை. ஒரே வயித்துல ரெண்டு ஜில்லா பொறந்திருக்கு."

"சின்ன வயசுலயே நான் இங்க வந்துட்டேன் சார்."

"சரி. அக்கா பேரு என்ன?"

தசரதன் வாயைத் திறந்தான். திறந்தபடியே இருந்தான். மூன்று நாளில் அவன் என்னை எத்தனை தடவை அக்கா என்று கூப்பிட்டிருப்பான். வண்டிக்குச் சொன்னது அவர் பெயரில். என் கணவர் என் பெயர் சொன்னது தோப்பு வீட்டுக்குள். அவன் படுத்திருந்தது வண்டிக்குள். எனக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"பாப்பா சார்."

"என்னது?"

"ஊட்ல எல்லாரும் பாப்பான்னுதான் சார் கூப்புடுவோம்."

"ஆதார்லயும் பாப்பாதானா?"

போலீஸ்காரர் வண்டியைச் சுற்றி வந்து முன் இருக்கை ஜன்னலருகே நின்றார். என் கணவருக்கு இடப்பக்கம். அவர் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆள் வந்து நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

"சார், உங்களத்தான்."

அவர் தலையைத் திருப்பினார். காக்கிச் சட்டையின் ஒரு பொத்தானைப் பிடித்து, அங்கிருந்து மேலே ஏறி, முகத்தைக் கண்டுபிடித்தார்.

"பாத்தா படிச்சவரா இருக்கீங்க. நீங்க சொல்லுங்க. யாரு இந்த ஆளு? எதுக்கு உங்களைக் கூட்டிட்டு வந்தான்?"

அவர் பொய் சொல்லமாட்டார். எனக்குத் தெரியும். தசரதனுக்கும் இந்த மூன்று நாளில் அது தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் கூரையில் வைத்த அவன் கை அசையவே இல்லை. வண்டி போனால் அவன் பிழைப்பு போகும். அவ்வளவையும் ஒருவருடைய ஒரு சொல்லில் வைத்துவிட்டு நின்றான். நான் மாங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குக் கண்ணு தெரியல சார்" என்றார் என் கணவர்.

போலீஸ்காரர் இன்னும் கொஞ்சம் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தார்.

"முன்னால மட்டும் கொஞ்சம் தெரியும். நீங்க இங்கன வந்து நின்னது எனக்குத் தெரியல. நானும் இருபது வருசத்துக்கு மேல கார் ஓட்டுனவன்தான். வித்துட்டேன். இவளுக்கு வீட்டுல இருப்புக் கொள்ளாது. போவோம் போவோம்னா. என்னிய யாராவது கூட்டிட்டுத்தான போவணும்? இவன் கூட்டிட்டு வந்தான்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வாடகையா இல்லையா என்று அவர் சொல்லவும் இல்லை. எனக்கு அதெல்லாம் பிறகுதான் தோன்றியது. அந்த நேரத்தில் என் காதில் நின்றது முதல் வாக்கியம் மட்டும். இத்தனை மாதத்தில் மருத்துவரிடம்கூட "லேசா மங்கல்" என்றுதான் சொல்லியிருந்தார். என்னிடம் அதுவும் சொன்னதில்லை. அதை ஒரு தடுப்புக் கம்பியருகே, வெயிலில், பெயர் தெரியாத ஒருவரிடம் தரம் பார்த்த துண்டை மேசையில் வைப்பதுபோல வைத்துவிட்டார்.

போலீஸ்காரர் ஆர்.சி.யைத் தசரதன் சட்டைப் பையில் அவரே செருகினார். "தம்பி, அக்கா பேரக் கேட்டு வெச்சுக்க" என்றார். தடுப்பு திறந்தது.

திருமழிசை தாண்டும்போது, அந்த நீளமான காம்பவுண்டுச் சுவர் வந்தபோது, தசரதன் சொன்னான்: "நான் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன் மாமா. நீ பொய்யே சொல்லலியே."

"உனக்குத் தெரியும்லா?"

"இன்னா?"

"கண்ணு."

"புல்லுக்கட்டு அன்னிக்கே தெரியும். நீயா சொன்னா சரின்னு வுட்டுட்டேன்."

பூந்தமல்லி நெரிசல். முன்னால் ஒரு பேருந்து சட்டென்று நின்றது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். வலது கால் மிதியடியில் அழுந்தியது. எனக்கு அப்படியொரு நிம்மதி.

எங்கள் தெருமுனையில் தசரதன் வண்டியை ஓரங்கட்டினான். "இங்கியே எறங்கிக்கிறீங்களா? உள்ள வரக்கூடாதுன்னு மாமா அன்னிக்கே கத்துச்சே."

"உள்ள போ" என்றார் அவர். "வாசல்ல நிறுத்து."

ரிவர்ஸில்தான் உள்ளே போக முடியும். வழக்கப்படி அவர் இறங்கிப் பின்னால் நின்று வா, வா என்று கை காட்டியிருக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீயே பாத்து வா" என்றார். குருவி கீச்சிட்டது. இரண்டாம் மாடியில் பாலாஜி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், புது வண்டில லாங் ட்ரிப்பா? எப்படி ஓடுது?"

என் கணவர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, குரல் வந்த திசைக்கு முகத்தை நிமிர்த்தினார். "என் வண்டி இல்ல பாலாஜி. எனக்கு இப்பம் கண்ணு சரியில்ல. ஓட்ட முடியாது. சாவகாசமா ஒருநாள் கீழ வாங்க, சொல்லுதேன்."

பாலாஜி ஒரு துண்டைக் கையில் பிடித்தபடி "வரேன் சார்" என்றார். "கண்டிப்பா வரேன்."

தசரதன் பெட்டியை இறக்கினான். மாங்காய்ப் பையில் பாதியை அவன் வண்டியில் வைத்தேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா. உன் பேரு இன்னா?"

"கோமதி."

"கோமதி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு என்னைத் தாண்டி அவரைப் பார்த்தான். "அடுத்த தபா அந்தக் கால மட்டும் ஊட்ல வுட்டுட்டு வா மாமா."

"காலு வரும் மச்சான்" என்றார் அவர். "பிரேக்க நீ பாத்துக்கோ."